உள்ளூர் என்றால் ஊரா, சேரியா?

செப்டம்பர் 27 உலகச் சுற்றுலா நாள். அந்த நாள் நெருங்க நெருங்க ஒரே மாதிரியான ஒளிப்படங்கள் வரத் தொடங்கிவிடும். மேடை, பூங்கொத்து, கண்ணாடிக் கேடயம், கைத்தறி உடுத்திய விடுதி உரிமையாளர். படத்துக்குக் கீழே ஒரு வரி: உள்ளூர்ச் சமூகத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் நன்மை செய்யும் நிறுவனத்துக்கான விருது. ஐ.நா. சுற்றுலா அமைப்பு கொடுக்கிறது, ஒன்றிய அரசு கொடுக்கிறது, தமிழ்நாடு அரசும் 2022 முதல் சுற்றுலா விருதுகள் கொடுத்து வருகிறது. இவை போதாதென்று தனியார் சான்றிதழ்கள் வேறு. பொறுப்புச் சுற்றுலா, சூழல் சுற்றுலா, நிலைத்த சுற்றுலா, சமூகம் சார் சுற்றுலா என்று பெயர்கள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கின்றன.

மூங்கில் உறிஞ்சுகுழல் மீதோ, சூரிய மின்தகடு மீதோ, குளியலறையில் நெகிழிப் புட்டிக்குப் பதிலாக மண் குடுவை வைப்பதன் மீதோ எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. என் வழக்கு அந்த ஒரு சொல்லோடுதான். ‘உள்ளூர்ச் சமூகம்’. விருதுக் குழுக்கள் இந்தச் சொல்லை எவ்வளவு எளிதாக உச்சரிக்கின்றன! ஓர் ஊர், அதில் ஒரு சமூகம், அதற்கு ஒரு நன்மை. தமிழ்நாட்டில் எந்தப் பேருந்து நிறுத்தத்தில் இறங்கி விசாரித்தாலும் தெரியும், ஊர் என்று ஒன்று இல்லை. ஊர் இருக்கிறது, சேரி இருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனிச் சுடுகாடு, பல இடங்களில் தனித்தனிக் குடிநீர்த் தொட்டி. இந்த இரண்டில் எந்த ‘உள்ளூருக்கு’ அந்த விடுதி நன்மை செய்தது என்று கேட்கும் ஒரு கட்டம் விண்ணப்பப் படிவத்தில் உண்டா?

அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் வரைவு அரசமைப்பை முன்வைத்துப் பேசியபோது, கிராமத்தை அடிப்படை அலகாக வைக்கவில்லையே என்று குறைபட்டவர்களுக்கு அவர் கொடுத்த பதில் நம் எல்லோருக்கும் தெரியும். கிராமத்தின் மீது அறிவாளிகள் கொண்டிருந்த காதலைப் பார்த்து அவருக்கு எரிச்சல்தான் வந்தது. அந்தக் காதல் இன்றைக்குச் சுற்றுலாத் துறைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அன்று அதைப் பேசியவர்கள் கதர் அணிந்திருந்தார்கள், இன்று பேசுகிறவர்கள் லினன் அணிகிறார்கள்.

ஐ.நா. சுற்றுலா அமைப்பு 2021இல் ‘சிறந்த சுற்றுலாக் கிராமங்கள்’ என்ற அங்கீகாரத்தைத் தொடங்கியது. மக்கள்தொகை 15,000க்கு மிகாத கிராமங்கள் விண்ணப்பிக்கலாம். பண்பாட்டு வளம், பொருளாதார நிலைத்தன்மை, சமூக நிலைத்தன்மை, சூழல், ஆளுகை, உட்கட்டமைப்பு என்று ஒன்பது தலைப்புகளில் மதிப்பிடுகிறார்கள். ஒன்பதில் ஒன்றிலும் சாதி தலைப்பாக இல்லை. உலக அமைப்புக்கு இந்தியச் சாதி எப்படித் தெரியும் என்று கேட்கலாம். சரி, முதல் ஆண்டே இந்தியாவிலிருந்து தேர்வான கிராமம் எது என்று பார்ப்போம்.

தெலங்கானாவின் போச்சம்பள்ளி. ஐதராபாத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். இக்கத் பட்டுக்குப் பேர்போன ஊர். ஆனால் ஊரின் முழுப் பெயர் பூதான் போச்சம்பள்ளி. தெலங்கானா உழவர் ஆயுதப் போராட்டம் அடக்கப்பட்டுக்கொண்டிருந்த நேரம், 1951 ஏப்ரல் 18 அன்று வினோபா பாவே அங்கே போகிறார். ஊரின் தலித் குடும்பங்கள், ஏறத்தாழ நாற்பது வீடுகள், அவரிடம் 80 ஏக்கர் நிலம் கேட்கின்றன. உழைத்துப் பிழைக்க நிலம் வேண்டும், அவ்வளவுதான். வினோபா கூட்டத்தைப் பார்த்துக் கேட்க, வெதிரே ராமச்சந்திர ரெட்டி என்ற நிலவுடைமையாளர் 100 ஏக்கர் தருவதாக எழுந்து நிற்கிறார். பூதான இயக்கம் பிறந்துவிட்டது. கேட்டவர்களின் பெயர் வரலாற்றில் இல்லை. கொடுத்தவரின் பெயர் இருக்கிறது, வாங்கிக் கொடுத்தவரின் பெயர் இருக்கிறது, கொடை என்ற சொல்லே ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. உரிமையாகக் கேட்கப்பட்ட நிலம் தானமாக மாறிய கதை இது. அந்த இயக்கத்தில் நாடெங்கும் கொடுக்கப்பட்ட நிலத்தில் பெருமளவு பயிருக்கு உதவாத தரிசு என்பது பிறகு தெரிந்தது.

எழுபது ஆண்டுகள் கழித்து அதே ஊர் உலகின் சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் ஒன்றாகிறது. பத்மசாலி நெசவாளர்களின் கைத்திறனுக்குக் கிடைத்த மதிப்பு என்ற அளவில் மகிழ்ச்சிதான். தறியில் உட்கார்ந்தவனின் முதுகுவலி எந்த விருதுக்கும் பெரியது. ஆனால் அந்த மதிப்பீட்டுக் குழு அந்த ஊருக்குள் நுழைந்ததும் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி ஒன்று உண்டு: 1951இல் நிலம் கேட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் கையில் இன்று எத்தனை ஏக்கர் இருக்கிறது? அதைக் கேட்பதற்கான கட்டம் அந்த ஒன்பது தலைப்புகளுக்குள் இல்லை. கிராமத்தின் ‘பாரம்பரியக் கதை’யாகப் பூதானம் சுற்றுலா வழிகாட்டிகளின் வாயில் இருக்கிறது. கதையின் மையத்தில் நின்றவர்கள் கதைக்கு வெளியே நிற்கிறார்கள்.

நம் பக்கத்து மாநிலத்துக்கு வருவோம். பொறுப்புச் சுற்றுலா என்றாலே எல்லோரும் கைகாட்டுவது குமரகம். கேரள அரசு 2008இல் குமரகம், கோவளம், தேக்கடி, வயநாடு ஆகிய நான்கு இடங்களில் இதைத் தொடங்கியது. நட்சத்திர விடுதிகள் காய்கறி, பால், மீன், முட்டை ஆகியவற்றை வெளியூர் மொத்த வியாபாரியிடம் வாங்காமல் உள்ளூர்க் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்களிடம் வாங்க வேண்டும் என்பது ஏற்பாடு. 2014இல் ஐ.நா. சுற்றுலா அமைப்பின் யுலிசிஸ் விருது அதற்குக் கிடைத்தது. 2017இல் அது மாநிலம் தழுவிய இயக்கமாயிற்று. குமரகத்தை நான் இகழ வரவில்லை. பெரிய விடுதியின் சமையலறைக்குள் ஒரு கூட்டுக்குழுப் பெண் தன் விலையைச் சொல்லி உள்ளே நுழைகிறாள் என்றால் அது சிறிய காரியம் அன்று. தமிழ்நாட்டில் அந்த அளவுக்குக்கூட நாம் போகவில்லை.

ஆனாலும் குட்டநாட்டின் மண்ணைப் பற்றிப் பேசாமல் குமரகத்தைப் பேச முடியாது. காயலுக்கு நடுவே, கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் அந்தக் காயல் நிலங்கள் தானாக உருவானவை அல்ல. தண்ணீருக்குள் இறங்கி, சேறு அள்ளி, வரப்புக் கட்டி அவற்றை உண்டாக்கியவர்கள் பெரும்பாலும் புலையர் உழைப்பாளிகள். நிலம் யார் பெயரில் பதிவானது என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1970இல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம் குத்தகைதாரரை நிலவுடைமையாளர் ஆக்கியது; வயலில் இறங்கி உழைத்த குடிகிடப்புக்காரருக்கு வீட்டு மனை கொடுத்தது. ஊராட்சிப் பகுதியில் அதிகபட்சம் 10 சென்ட். நிலத்தில் உழைத்தவருக்கு மனை, நிலத்தை எழுதி வைத்திருந்தவருக்கும் அவரிடம் குத்தகை எடுத்தவருக்கும் வயல். இந்தக் கணக்கின் மேல் பொறுப்புச் சுற்றுலாவைக் கொண்டுபோய் வையுங்கள். விடுதிக்கு உள்ளூர்க் காய்கறி வேண்டும். காய்கறி விளைவிக்க நிலம் வேண்டும். வீட்டில் விருந்தினரைத் தங்கவைத்து வருமானம் பார்க்கலாம் என்கிறார்கள். அதற்குக் கூடுதல் அறையும் கழிப்பறையும் முற்றமும் உள்ள வீடு வேண்டும். 10 சென்ட் மனையில் மூன்று தலைமுறை பிரித்துக்கொண்ட பிறகு எஞ்சுவது என்ன? குடும்பஸ்ரீ குழுக்கள் குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிரிடுவதால் கொஞ்சம் வாசல் திறக்கிறது. ஆனால் குத்தகைப் பணம் யாருக்குப் போகிறது என்று பாருங்கள்.

அங்கே இன்னொன்றும் நடக்கிறது. ‘கிராம வாழ்க்கை அனுபவம்’ என்று ஒரு சுற்று. கள் இறக்குவதைப் பார்க்கலாம், கயிறு திரிப்பதைப் பார்க்கலாம், ஓலை முடைவதைப் பார்க்கலாம். பார்க்க வருகிறவர் பணம் கொடுக்கிறார், செய்து காட்டுகிறவருக்கு அதில் பங்கு கிடைக்கிறது. பங்கு கிடைப்பது நல்லது. ஆனால் காட்டப்படுவது என்ன? பிறப்பால் ஒருவர் தலையில் கட்டப்பட்ட தொழில். அதிலிருந்து தப்பித்துத் தன் மகளைச் செவிலியர் படிப்புக்கு அனுப்பிய தாய், வெளிநாட்டுப் பயணி வரும்போது மட்டும் மீண்டும் அந்தத் தொழிலுக்குள் உட்கார்ந்து காட்ட வேண்டியிருக்கிறது. சாதித் தொழில் ‘பாரம்பரியம்’ என்ற பெயரில் பாதுகாக்கப்படும்போது விருதுக் குழு அதற்குப் ‘பண்பாட்டுப் பாதுகாப்பு’ என்ற தலைப்பில் மதிப்பெண் போடுகிறது. நம் ஊரிலும் அக்கிரகார வீட்டில் தங்கி ‘சுத்த சைவ’ வீட்டுச் சாப்பாடு சாப்பிடும் அனுபவம் விற்பனைக்கு இருக்கிறது. மாட்டுக்கறி வறுவலோடு சேரியில் ஓர் இரவு என்று எந்தச் சுற்றுலாக் கையேடும் அச்சடித்ததை நான் பார்த்ததில்லை. சேரியில் பண்பாடு இல்லை என்று தீர்மானித்தது யார்?

இப்போது நிலத்துக்கு வருகிறேன். என் ஆய்வு சுற்றுலா பற்றியது அல்ல, செங்கல்பட்டுப் பகுதி நிலப் பதிவேடுகள் பற்றியது. புல எண்களைத் துரத்திக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் அலையும்போதுதான் இந்தப் பசுமை விடுதிகள் என் கண்ணில் பட்டன. செங்கல்பட்டு நமக்கு ஏன் முக்கியம் என்று தோழர்களுக்குத் தெரியும். அங்கே ஆட்சியராக இருந்த திரமென்கீர் 1891இல் பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்குக் கொடுத்த அறிக்கையிலிருந்துதான் பஞ்சமி நிலம் தொடங்குகிறது. 1892 ஆணைப்படி ஒப்படைக்கப்பட்ட அந்த நிலங்களைப் பத்தாண்டுகள் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது; அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்குள் மட்டுமே கைமாற்றலாம். மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று இயக்கங்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. அவற்றில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பதை எந்த அரசும் வெள்ளை அறிக்கையாக வைக்கத் துணியவில்லை. மாமல்லபுரத்துக்கு அருகே காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோதுதான், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள்.

அந்த வட்டாரத்தில்தான் இன்று கடலோர விடுதிகளும் பண்ணை வீடுகளும் நீச்சல் குளங்களும் வரிசையாக நிற்கின்றன. எல்லாமே பஞ்சமி நிலத்தில் நிற்கின்றன என்று நான் சொல்லவில்லை. நிற்கவில்லை என்று சொல்ல யாரிடமாவது தாள் இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன். ஒரு விடுதி மழைநீரைச் சேமிக்கிறதா, எத்தனை விழுக்காடு மின்சாரம் சூரிய ஒளியிலிருந்து எடுக்கிறது என்றெல்லாம் நுணுக்கமாகக் கேட்கும் விருதுப் படிவம், ‘உங்கள் விடுதி நிற்கும் புல எண்ணின் பழைய பதிவேட்டு நகலை இணைக்கவும்’ என்று ஒரு வரி கேட்டுவிட்டால் என்ன ஆகும்? எத்தனை விண்ணப்பங்கள் வரும் என்று யோசித்துப் பாருங்கள். ஒருமுறை நிலைத்த சுற்றுலா பற்றிய ஒரு கருத்தரங்கில் இந்தக் கேள்வியை எழுப்பினேன். தலைமை தாங்கியவர் சிரித்த முகத்தோடு, “தம்பி, இது அரசியல் மேடை இல்லையே” என்றார். அடுத்துப் பேசியவர் விடுதி வளாகத்தில் நாட்டு மாடு வளர்ப்பது பற்றி இருபது நிமிடம் பேசினார். அது அரசியல் இல்லையாம்.

கோவளம் கடற்கரைக்கு 2021 செப்டம்பரில் நீலக் கொடிச் சான்று கிடைத்தது. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பு தரும் சான்று அது. 33 அளவுகோல்கள்: சூழல் கல்வி, நீரின் தரம், சூழல் மேலாண்மை, பாதுகாப்பு. கடற்கரை சுத்தமாக இருக்கிறதா, குளிக்கிறவருக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்ப்பவை. அந்தக் கரையில் வலை உலர்த்திப் பிழைத்தவருக்கு அங்கே நிற்க உரிமை இருக்கிறதா என்று பார்ப்பவை அல்ல. இந்தச் சான்றுக்காகவே ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 ஜனவரியில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளைத் தளர்த்தியது. உயர் அலைக் கோட்டிலிருந்து 10 மீட்டர் விட்டுக் கழிப்பறை, உடைமாற்றும் அறை, கண்காணிப்புக் கோபுரம், இருக்கை, நிழற்குடை எல்லாம் வைக்கலாம். தமிழ்நாட்டு மீனவக் குப்பங்களோ தங்கள் வாழிடங்களையும் வலை உலர்த்தும் இடங்களையும் கடற்கரை மேலாண்மை வரைபடங்களில் குறியுங்கள் என்று பல ஆண்டுகளாக மனுக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. விருது என்பது வெறும் கேடயம் என்று நினைத்தால் இதைக் கவனியுங்கள். ஒரு சான்றுக்காகச் சட்டம் நகர்கிறது. மனுவுக்காக வரைபடம் நகரவில்லை.

சமையலறைக்குள் போவோம். வீட்டுத் தங்கல் திட்டங்களின் அடிப்படை, விருந்தாளி வீட்டுக்காரர் சமைத்ததைச் சாப்பிடுவான் என்பது. யார் சமைத்ததை? 2018இல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவுச் சமையலராக வந்ததும் ஆதிக்கச் சாதிப் பெற்றோர் அவரை வெளியேற்றத் திரண்டார்கள். அதிகாரிகளும் முதலில் அவரை இடமாற்றம் செய்தார்கள். பள்ளிக் குழந்தையின் தட்டில் இது நடக்கும் நாட்டில், சேரியில் உள்ள வீட்டுக்கு விருந்தாளியை அனுப்ப எந்தச் சுற்றுலா முகவர் முன்வருவார்? ‘உள்ளூர்ப் பெண்களுக்கு வேலை கொடுக்கிறோம்’ என்ற வாசகம் எல்லா விருது விண்ணப்பத்திலும் இருக்கும். அந்தப் பெண்களில் யார் அடுப்படியில், யார் வரவேற்பு மேசையில், யார் கழிப்பறை வாளியோடு என்று பிரித்துக் கேட்டால் உள்ளூரின் வரைபடம் அப்படியே விடுதிக்குள் விரியும்.

வாளியோடு நின்றுவிட்டால்கூடப் பரவாயில்லை. 2022 அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் ஒரு தனியார் விடுதியின் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய மூன்று தொழிலாளர்கள் நச்சுவாயு தாக்கி இறந்தார்கள். 2013ஆம் ஆண்டின் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் இருக்கிறது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் தொட்டிக்குள் ஆளை இறக்குவது முதல் முறையே இரண்டாண்டு வரை சிறைக்குரிய குற்றம். 2014இல் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு மரணத்துக்கும் 10 லட்சம் என்றது, 2023 அக்டோபரில் 30 லட்சம் என்றது. விடுதி நடத்துகிறவருக்கு இதெல்லாம் தெரியாதா? சுற்றுச்சூழலுக்கு நன்மை செய்யும் விடுதியின் சுற்றுச்சூழல் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் சிக்கல். தோட்டத்துப் பட்டாம்பூச்சி சுற்றுச்சூழல். உரக்குழி சுற்றுச்சூழல். அறைகளுக்கு அடியில் நிரம்பிக்கொண்டிருக்கும் தொட்டி சுற்றுச்சூழல் இல்லை, அது ‘பராமரிப்பு’. அதை ஒப்பந்தக்காரர் பார்த்துக்கொள்வார். ஒப்பந்தக்காரர் யாரைக் கூப்பிடுவார் என்று விருதுக் குழு கேட்பதில்லை, ஏனென்றால் பதில் எல்லோருக்கும் தெரியும்.

உலக அளவில் நிலைத்த சுற்றுலாவுக்கான பேரவை ஒன்று விடுதிகளுக்கு அளவுகோல்கள் வைத்திருக்கிறது. வேலை கொடுப்பதில் பாலினம், இனம், மதம், மாற்றுத்திறன் ‘அல்லது வேறு வகைகளில்’ பாகுபாடு கூடாது என்கிறது. இந்தியாவில் அந்த அளவுகோலைப் பின்பற்றுவதாகச் சொல்லும் விடுதிக்குச் சாதி ‘வேறு வகைகளில்’ வருகிறது. இரண்டாயிரம் ஆண்டு அடக்குமுறைக்கு ‘இன்ன பிற’ என்று பெயர்.

சுற்றுச்சூழல் என்ற சொல்லே எப்படி நம் மக்களுக்கு எதிராகத் திரும்பும் என்பதற்கு மாஞ்சோலையை விட வேறு சாட்சி வேண்டுமா? 1929இல் சிங்கம்பட்டி சமீன்தாரிடமிருந்து 8,373 ஏக்கர் காட்டை ஒரு நிறுவனம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. காட்டை அழித்துத் தேயிலை வைத்தது நிறுவனம். அதற்காகக் கீழேயிருந்து மலையேற்றப்பட்டவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள். 1999 ஜூலை 23 அன்று அவர்களின் கூலிக்காகவும் சிறையிலிருந்தவர்களின் விடுதலைக்காகவும் திருநெல்வேலியில் பேரணி போனபோது காவல்துறைத் தடியடியில் தாமிரபரணிக்குள் 17 பேர் செத்தார்கள், ஒன்றரை வயதுக் குழந்தை உட்பட. குத்தகை 2028இல் முடிய இருக்கையில் 2024இல் நிறுவனம் கடையைக் கட்டியது. தொழிலாளர் கையில் விருப்ப ஓய்வுத் தாள் கொடுக்கப்பட்டது. தோட்டத்தை அரசே எடுத்து நடத்தட்டும் என்ற கோரிக்கையை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த ஆண்டு டிசம்பரில் ஏற்கவில்லை. காடு புலிகள் காப்பகமாக மீள வேண்டும் என்பது வாதம்.

காடு மீளட்டும், எனக்கு மறுப்பில்லை. நூறாண்டு லாபம் பார்த்த நிறுவனம் காட்டை அழித்ததற்கு என்ன கொடுத்தது என்பதையும், தொழிலாளிக்கு மட்டும் ஏன் மலையிலிருந்து இறங்கும் தண்டனை என்பதையும் அதே மூச்சில் கேட்க வேண்டும். வனத்துறை அனுமதிச் சீட்டோடு சுற்றுலா வாகனங்கள் மாஞ்சோலைக்கு ஏறிப் போனதைப் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறோம். மூடுபனியைப் படம் எடுத்தவர்களின் சட்டகத்துக்குள் தொழிலாளர் வரிசை வீடுகள் ஒரு ‘அழகான பின்னணி’யாக வந்து போயின. நாளைக்கு அங்கே சூழல் சுற்றுலா முகாம் ஒன்று வந்து, அதற்கு ஒரு பசுமை விருதும் கிடைத்தால், அந்த விண்ணப்பத்தில் உள்ளூர்ச் சமூகம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவார்கள்? நான்கு தலைமுறை அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் அதற்குள் வெளியூர்க்காரர்கள் ஆகிவிட்டிருப்பார்கள்.

இதற்கு வரும் பதில்கள் எனக்குத் தெரியும். சுற்றுலா என்பது மென்மையான தொழில், அதில் சாதியைக் கொண்டுவந்தால் முதலீட்டாளர் ஓடிவிடுவார் என்பது ஒன்று. தமிழ்நாடு அரசின் 2023 சுற்றுலாக் கொள்கை சுற்றுலாவுக்குத் தொழில் தகுதி கொடுத்திருக்கிறது. தொழிலுக்குரிய சலுகை வேண்டும், தொழிலுக்குரிய கேள்வி மட்டும் வேண்டாமா? அரசுக் கொள்முதல் விதி, சிறு குறு நிறுவனங்களிடம் வாங்கும் 25 விழுக்காட்டில் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களிடம் வாங்கச் சொல்கிறது. நடைமுறையில் அது எப்படி ஏமாற்றப்படுகிறது என்பது தனிக் கட்டுரைக்குரியது, ஆனால் ஏட்டிலாவது சாதி எண்ணப்படுகிறது. 2023இல் மாநில அரசு தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் தலித், பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 விழுக்காடு மூலதன மானியம் உண்டு. அதே அரசின் சுற்றுலாத் துறை, விருதுக்கு மதிப்பெண் போடும்போது இந்தத் திட்டத்தில் கடன் வாங்கிப் படகோ, வண்டியோ, உணவகமோ நடத்துகிறவரிடம் அந்த விடுதி என்ன வாங்குகிறது என்று கேட்டால் எந்த முதலீட்டாளர் ஓடுவார்? ஓடினால் ஓடட்டும்.

இன்னொரு பதில் கொஞ்சம் நேர்மையானது. சிறிய நிறுவனங்கள்தான் இந்த விருதுகளை நம்பி இருக்கின்றன, அளவுகோலைக் கடினமாக்கினால் பெரிய சங்கிலி விடுதிகள்தான் ஆலோசகரை வைத்து நிரப்பிவிடும் என்கிறார்கள். உண்மைதான், தாளை நிரப்பும் தொழில் ஒன்று இதற்குள் வளர்ந்திருக்கிறது. அதனால்தான் தாளைத் தாண்டிக் கேட்கச் சொல்கிறேன். மதிப்பீட்டாளர் விடுதி மேலாளரோடு காபி குடித்துவிட்டுத் திரும்பாமல் சேரிக்குப் போய் அரைநாள் உட்காரட்டும். அங்கிருந்து யார் யார் அந்த விடுதிக்குள் வேலைக்குப் போகிறார்கள், எந்த வேலைக்கு, என்ன கூலிக்கு, வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறார்களா, கடற்கரைக்கோ ஏரிக்கோ போகும் பழைய பாதை விடுதிச் சுவருக்குள் போய்விட்டதா, ஆழ்துளைக் கிணறு வந்த பிறகு கைக்குழாயில் தண்ணீர் வருகிறதா, தொட்டி நிறைந்தால் எந்த வண்டி வருகிறது என்று கேட்கட்டும். அரைநாளில் கேட்டு முடிக்கக்கூடிய கேள்விகள்தாம். சிறிய நிறுவனம் நேர்மையாக நடந்தால் இதில் தோற்காது. ஆலோசகர் வைத்த பெரிய விடுதிதான் தடுமாறும்.

வார இறுதியில் பை தூக்கிக்கொண்டு ‘இயற்கையோடு ஓர் இரவு’க்குக் கிளம்புகிறவர்களில் நாமும் இருக்கிறோம். அம்பேத்கர் படம் போட்ட சட்டையோடு ஏலகிரியிலும் கொடைக்கானலிலும் நம் தோழர்கள் எடுத்த படங்களை நானும் விரும்பியிருக்கிறேன். போக வேண்டாம் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். சாதி ஊருக்குள் கட்டிப்போட்ட மக்களின் பிள்ளைகள் ஊர் சுற்றுவதே ஒரு வகையில் விடுதலைதான். அறைக்குப் பணம் கட்டுகிற நமக்கு, விருதுக் குழு கேட்காததைக் கேட்கிற உரிமை உண்டு. தொட்டியை யார் சுத்தம் செய்கிறார்கள் என்று மேலாளரிடம் கேட்டுப் பாருங்கள். முகம் மாறுவதை நீங்களே பார்க்கலாம்.

இந்த ஆண்டு செப்டம்பருக்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. சுற்றுலாத் துறையின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள். விருது தொடங்கிய ஆண்டிலிருந்து விருது பெற்ற விடுதிகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் போடப்பட்ட மதிப்பெண் தாள், கள ஆய்வு நடந்த தேதி, ஆய்வறிக்கை நகல், விடுதி அமைந்துள்ள கிராமமும் புல எண்ணும். கட்டணம் 10 ரூபாய், பதில் தர அவர்களுக்கு 30 நாள். புல எண்கள் கையில் வந்ததும் வட்டாட்சியர் அலுவலகத்தில் அவற்றின் பழைய பதிவேட்டைக் கேட்டு அடுத்த மனு. மாவட்டத்துக்கு இரண்டு பேர் சேர்ந்தால் போதும்.